ஒன்று-ஏழுக்குப் பதில் ஏழு-ஒன்று

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அவ்விடம் தாங்களும் அக்காவும், முக்கியமாகத் தங்கள் இடது முழங்காலும், நலமென்று அறிய ஆவல். இவ்விடம் நாங்கள் மூவரும் குறைவில்லாமல் இருக்கிறோம். மேல்வீட்டுக்காரருக்கு மட்டும் இரண்டு விலா எலும்புகளில் விரிசல். விரிசல் விடச் செய்தவன் நான்தான். பதற வேண்டாம். அதற்காக அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார். விவரம் கீழே வருகிறது.

முதலில் நல்ல செய்தி. நம் பெண்ணுக்கு நேற்று வேலை நிரந்தரமான உத்தரவு வந்துவிட்டது. எட்டே வரிதான், ஆனால் நான் நான்கு முறை சத்தமாகப் படித்துவிட்டேன், ஐந்தாவது முறைக்குத் தங்கள் தங்கை முறைக்காரி, அதாவது என் வீட்டுக்காரி, காகிதத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சென்ற வருடம் தாங்கள் இங்கு வந்திருந்தபோது, கூடத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்னப்பா, இவ்வளவு படிச்சிட்டுப் போன் எடுக்கற வேலைக்கா போறா?" என்று கேட்டீர்கள். நான் அன்று பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை, வாயில் பிஸ்கட் இருந்தது. இந்தக் கடிதத்தை அந்தப் பதிலாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

அத்தான், அது போன் எடுக்கிற வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் போன்? அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறை என்பது ஜன்னலே இல்லாத ஒரு நீள அறை, அதில் பதினொரு மேசை, ஒவ்வொரு மேசையிலும் இரண்டு திரை, சுவர் முழுக்க ஊர் வரைபடம். நம் பெண் ஐந்தாம் மேசை. ஒரு காதில் பொதுமக்கள் அலறுவார்கள், மறு காதில் போலீஸ் வண்டியும் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் கரகரக்கும். வீடு பற்றி எரிகிறவனுக்கு வீட்டு எண் ஞாபகம் வராது, அவனிடமிருந்து அதைக் கறந்து, அடுத்த மூச்சில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதை அனுப்பி, அது போய்ச் சேரும் வரைக்கும் அழுகிறவனோடு பேசிக்கொண்டும் இருக்க வேண்டும். எட்டு வயது வரைக்கும் நாலு பேர் முன்னால் வாய் திறக்காமல் இருந்தாளே என்று தாங்கள் "ஊமைச்சாமி" என்று பெயர் வைத்தீர்களே, அதே குழந்தைதான். இன்று அவள் வாய் திறந்தால் எழுபது வண்டிகள் கிளம்புகின்றன.

வண்டிகளோடு பேசுவதற்கு அவர்களுக்கென்று எண் பாஷை இருக்கிறது. மொத்தம் தொண்ணூற்றாறு எண்கள். ஒவ்வொன்றையும் இலக்கம் இலக்கமாகப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும், இரைச்சலில் பிசகக் கூடாதாம். "பூஜ்யம்-நாலு" என்றால் கேட்டேன், புரிந்தது. "ஆறு-ரெண்டு" என்றால் சாப்பாட்டுக்குப் போகிறேன். "மூணு-மூணு" என்றால் சக ஊழியர் ஆபத்தில், உடனே வரவும். இதையெல்லாம் ஆறு வாரத்தில் மனப்பாடம் செய்து பரீட்சை எழுத வேண்டும். அவள் அந்தப் பட்டியலைக் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தபால் நிலையத்தில் முப்பத்து நாலு வருடம் கடிதம் பிரித்தவன் நான். இருநூற்றுப் பதினாறு அறைகள் கொண்ட மர அடுக்கில், எண்ணைப் பார்த்த கணத்தில் கை தானாகப் போய்க் கடிதத்தைப் போடும். ஓய்வு பெற்று இரண்டு வருடமாக அந்தக் கை சும்மா கிடந்தது. பட்டியலைப் பிரதி எடுத்துக் குளியலறைக் கதவில் ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒன்று ஒட்டினேன். அவள் ஆறு வாரத்தில் படித்ததை நான் நாலு வாரத்தில் முடித்துவிட்டேன். அவள் பரீட்சையில் தொண்ணூற்றாறுக்குத் தொண்ணூற்றாறு. எனக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை. அது என் குற்றமில்லை.

பிறகு என்ன, வீடே கட்டுப்பாட்டு அறையாகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் பூஜ்யம்-நாலு, கேஸ் தீர்ந்தால் ஒன்பது-எட்டு, அதாவது வண்டியில் எரிபொருள் இல்லை, மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றால் ஐந்து-ஐந்து, அதாவது காணாமல் போனவர். என் வீட்டுக்காரி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் "ரெண்டு-ஒன்பது" என்ற எண்ணின் பொருள் தெரிந்ததும் அடங்கிப்போனாள். அருகில் வெளியாள் இருக்கிறார், பேச்சைக் குறைக்கவும் என்று பொருள். முப்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் தேடிக்கொண்டிருந்தது அந்த எண்ணைத்தான் என்று இப்போது தெரிகிறது. வீட்டுச் சொந்தக்காரர் வந்தாலும் ரெண்டு-ஒன்பது, டாக்டரிடம் போனாலும் ரெண்டு-ஒன்பது, தொலைபேசியில் அக்காவோடு நான் பேசும்போதுகூட. திடீர் திடீரென்று நான் போனை வைத்துவிடுகிறேன் என்று அக்கா வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். காரணம் இதுதான், மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒருநாள் காலையில் நான் சவரம் செய்துகொண்டிருக்கிறேன், காய்கறி வாங்கப் போன என் வீட்டுக்காரியிடமிருந்து செய்தி வருகிறது: "33". வேறு ஒரு வார்த்தை இல்லை. ஆபத்து, உடனே வரவும்! பாதி முகத்தில் நுரையோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு தெரு ஓடி, வழியெல்லாம் தேடி, கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன். இரண்டு பையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். "என்ன ஆச்சு? யாரு?" என்று நான் மூச்சு வாங்க, அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முப்பத்து மூணாம் நம்பர் பஸ்ல வரேன்னுதானே அனுப்பினேன், பையை வாங்கிக்க வருவீங்கன்னு. இப்படியா வருவாங்க?" என்றாள். அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் பையை வாங்கிக்கொண்டேன். எப்படியானாலும் செய்தி வந்து நாலு நிமிடத்தில் சம்பவ இடத்தை அடைந்திருக்கிறேன், அதைக் குறித்துக்கொள்ளவும்.

அடுத்த வாரம் நாற்சந்தியில் நின்றிருந்த போக்குவரத்துக் காவலரின் வாக்கிடாக்கியில், "ஆறு-ரெண்டு, ஆறு-ரெண்டு" என்று கேட்டது. மரியாதைக்கு, "என்ன தம்பி, சாப்பாட்டு நேரமா? போயிட்டு வாங்க, வெயில் ஜாஸ்தி" என்றேன். அவர் போகவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த பெரிய அதிகாரி, "எண்ணெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நான் பூஜ்யம்-ஒன்றிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தேன், நாற்பது வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, இது ரகசியம் இல்லை. ஆனா தெருவுல நின்னு சொல்ற விஷயமும் இல்லை. யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றார். என் பெண் ஐந்தாம் மேசை என்றேன். அத்தான், அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார்! "அஞ்சாம் மேசையா? அந்தக் குரலா? போன மாசம் வெள்ளத்துல எங்க வண்டி மாட்டிக்கிச்சு. ரெண்டு மணி நேரம் பதறாம வழி சொல்லிக் கொண்டுவந்து சேர்த்த பொண்ணு சார் அது. முகம் பார்த்ததில்லை" என்றார். வீட்டில் அவள் இதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. எனக்குத் தேநீர் வந்தது, பெரிய கண்ணாடி டம்ளரில். என்னைப் பிடித்துக்கொண்டு வந்த காவலரே வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மேல்வீட்டில் ஒரு சாக்ஸபோன் வாசிப்பவர் இருக்கிறார். தனி ஆள். ஹோட்டல்களில் வாசிக்கும் இசைக்குழுவில் வேலை. தினமும் மதியம் சரியாக மூன்று மணிக்குப் பயிற்சி, அது சரியாக நான் கண் அசரும் நேரம். எட்டு வருடமாக இது நடக்கிறது. வீட்டுச் சொந்தக்காரருக்கு நான் மூன்று புகார்க் கடிதங்கள் எழுதியிருக்கிறேன், மூன்றாவதில் சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டிருந்தேன். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றே காலுக்கு அவர் ஏதோ ஒன்றை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனார், நான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டே இருந்தேன், திடீரென்று பாதியில் நின்றுவிட்டது. உடனே கூரையில் தொம்மென்று ஒரு சத்தம். எங்கள் மின்விசிறி ஆடியது.

"அப்பாடா" என்றேன்.

"இல்லீங்க" என்றாள் என் வீட்டுக்காரி. "அவர் பாதியில நிறுத்த மாட்டாரு. எட்டு வருஷமா கேக்கறேன்." சொல்லிக்கொண்டே படியேறி ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன்.

காற்றுக்காக அவர் கதவைத் திறந்தே வைத்திருப்பது வழக்கம். உள்ளே தரையில் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் சாக்ஸபோன். கண் பாதி திறந்திருக்கிறது, உதடு நீலமாக இருக்கிறது, மார்பு அசையவில்லை. என் கை தானாகப் போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தியது. பதினொரு மேசையில் எதற்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

"அவசர உதவி, அஞ்சாம் மேசை. எங்க, என்ன நடந்தது?"

என் பெண்! அவள் அலுவலகத்தில், அவள் மேலதிகாரிகள் மத்தியில், அப்பன் ஒரு பாமரன் மாதிரி அலறக் கூடாது என்று தோன்றியது. முறையாகத் தகவல் கொடுக்க வேண்டும். நிமிர்ந்து நின்றுகொண்டு, "ஏழு-ஒண்ணு! ஏழு-ஒண்ணு! முதல் மாடி!" என்றேன்.

அத்தான், ஒன்று-ஏழு என்றால் மூச்சுப்பேச்சில்லாமல் கிடப்பவர். ஏழு-ஒன்று என்றால் பாதையை மறித்து நிற்கும் கால்நடை. இலக்கம் இரண்டையும் நான் சரியாகத்தான் சொன்னேன். வரிசை மட்டும் சற்று மாறிவிட்டது.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "மாடியில மாடா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, மாடியிலதான்!"

"மாடா சார்?"

"மாடிதாம்மா! முதல் மாடி! ஏழு-ஒண்ணு!"

"சார்" என்றாள். பெற்ற பெண் என்னைச் சார் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை, அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. "சார், நம்பர் வேண்டாம். உங்க கண்ணு முன்னாடி என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்க."

"மேல்வீட்டுக்காரர் விழுந்து கிடக்கறாரு. மூச்சு இல்லம்மா."

"விலாசம்?"

"உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லணும் சார்."

சொன்னேன். வீட்டு எண், தெரு, திருப்பம், எல்லாம் சொன்னேன். இருபத்தேழு வருடமாக அவள் குடியிருக்கும் வீட்டின் விலாசத்தை, ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். "வண்டி கிளம்பிடுச்சு. ஸ்பீக்கர்ல போட்டு போனைத் தரையில வைங்க. கூட இருக்கிறவங்க கீழ போய் கேட்டைத் திறந்து வைக்கட்டும். நீங்க அவர் பக்கத்துல மண்டி போடுங்க. உள்ளங்கையோட அடிப்பக்கத்தை நெஞ்சுக்கு நடுவுல வைங்க. அது மேல இன்னொரு கை. முழங்கையை மடக்காதீங்க. ரெண்டு அங்குலம் உள்ள போகணும், உடனே விடணும். நான் எண்ணறேன், நீங்க அழுத்துங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

நான் அழுத்தினேன். அவள் எண்ணினாள். ஒரே வேகம், ஒரே சுருதி, கடிகாரம் மாதிரி. பத்தோ இருபதோ அழுத்தியிருப்பேன், கைக்கு அடியில் நறுக்கென்று ஒரு சத்தம்.

"ஐயையோ, எலும்பு ஒடிஞ்சிருச்சும்மா!"

"பரவாயில்ல, நிறுத்தாதீங்க."

"அவருக்கு வலிக்குமே!"

"வலிச்சா நல்லது சார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

மூன்று நிமிடத்தில் எனக்குத் தோள் கழன்றுவிட்டது. வியர்வை அவர் சட்டையில் சொட்டுகிறது. கண் இருட்டுகிறது. கடிதம் பிரித்த கை, இப்படி ஒரு வேலையை அது பார்த்ததே இல்லை. "என்னால முடியலம்மா" என்றேன். எண்ணிக்கை நிற்கவில்லை, ஆனால் நடுவில் குரல் ஒரு இம்மி தாழ்ந்தது. "வண்டி பாலம் தாண்டிடுச்சு. இன்னும் ரெண்டே நிமிஷம். விடாதீங்கப்பா."

அந்த ஒரு "அப்பா"வுக்குப் பிறகு எனக்குத் தோள் இருந்ததே தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் ஏழாவது நிமிடம் வந்தது. ஒரு செவிலியரும் ஓட்டுநரும் ஓடி வந்தார்கள். பெட்டியைத் திறந்து, மார்பில் பட்டை ஒட்டி, மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டாவது அதிர்ச்சிக்கு மனிதர் இருமினார். அதே நேரம் படியில் தடதடவென்று இன்னொரு சத்தம். மல்யுத்தக்காரர்கள் மாதிரி இரண்டு பேர், தோளில் கயிறு, கையில் வலை. "மாடு எங்க?" என்றார்கள்.

நடந்தது இதுதான். நம் பெண்ணுக்கு அப்போது பயிற்சிக் காலம் முடியவில்லை. ஆகவே மேற்பார்வையாளர் அம்மாள் இன்னொரு காதுமாட்டியில் அவள் அழைப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். எண் சொல்லிப் பேசுகிறாரே, யாரோ விடுப்பில் இருக்கும் ரோந்துக்காரர் போல என்று என்னை நினைத்து, அந்த அம்மாள் தம் பங்குக்குக் கால்நடை மீட்பு வண்டியை அனுப்பிவிட்டார். ஆனால் பாருங்கள் அத்தான், எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது, படிக்கட்டு வளைந்து வளைந்து இறங்கும், சாக்ஸபோன்காரர் நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். செவிலியரும் ஓட்டுநருமாக அவரை எப்படி இறக்கியிருப்பார்கள்? அந்த இரண்டு பேரும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கிக் கொடுத்தார்கள். ஆகவே நான் சொன்ன ஏழு-ஒன்றும் வீண்போகவில்லை என்பதே என் கருத்து. என் வீட்டுக்காரியின் கருத்து வேறு.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். குழாய்களுக்கு நடுவே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு புகாரு, ரெண்டு விலா எலும்பு. கணக்கு நேராயிடுச்சு சார்" என்றார். சிரித்தால் வலிக்கிறதாம், என்னைச் சிரிக்க வைக்காதீர்கள் என்றும் சொன்னார். அன்றே வீட்டுச் சொந்தக்காரருக்கு நாலாவது கடிதம் எழுதி முந்தைய மூன்றையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். தினமும் ஐந்து நிமிடம் மட்டும் ஊதிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவதால் என் வீட்டுக்காரிக்குத்தான் குறை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நம் பெண் ஆறரைக்கு வீடு வந்தாள். செருப்பைக் கழற்றினாள், கை கால் கழுவினாள், கூடத்தில் என் எதிரே உட்கார்ந்தாள். நான் வரவேற்புரை மாதிரி ஏதோ தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கையைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. தண்ணீர் டம்ளர் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"உங்க குரல் கேட்டதுமே நடுங்க ஆரம்பிச்சிடுச்சுப்பா. மேசைக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டேன், யாரும் பாக்கலை. அம்மாவுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்."

"பக்கத்து மேசைக்கு மாத்தி விட்டிருக்கலாமேம்மா?"

"மாத்தினா பத்து செகண்ட் போயிடும்" என்றாள்.

பிறகு அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள், சாப்பிடக் கூப்பிடும் வரை எழுந்திருக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, தெருவில் போகிற வருகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், அத்தான். வேறு எந்தப் பக்கம் பார்த்தாலும் கண் கலங்கியது.

நேற்றைய உத்தரவில், "நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவர்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை அக்காவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டவும். தங்களுக்கு ஒரு முறை போதும்.

இத்துடன் தொண்ணூற்றாறு எண்களையும் என் கைப்பட எழுதி இணைத்திருக்கிறேன். தாங்களும் அக்காவும் தினம் பத்தாக மனப்பாடம் செய்துவிடவும். அடுத்த முறை வரும்போது நான் கேட்பேன். இந்த எண்கள் இல்லாவிட்டால் ஊரே இல்லை என்பதை நேரில் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். அக்காவுக்கு என் வணக்கமும், மருமக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகளும் உரித்தாகுக. தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கவும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புக்குரிய மைத்துனன்,
ஐந்தாம் மேசையின் தந்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் நம் பெண் வேலையிலிருந்து வந்தாள். இணைப்பைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து எண் பாஷை முழுவதும் ரத்தாம். இனி எல்லா மேசையும் எல்லா வண்டியும் சாதாரண பேச்சில்தான் பேச வேண்டுமாம். மேலதிகாரிகள் கூடி உட்கார்ந்து ஏதோ ஒரு அழைப்பின் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எண்ணால் பதினான்கு விநாடி வீணானதைக் கணக்குப் பார்த்து, இந்த முடிவுக்கு வந்தார்களாம். யாருடைய அழைப்பு என்று அவள் சொல்லவில்லை, ஆனால் புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் முதல் பாடமாக அந்தப் பதிவைத்தான் போட்டுக் காட்டப் போகிறார்களாம், அதில் மாடு வருகிறதாம். ஆகவே இணைப்பைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடவும். மற்றபடி, தொண்ணூற்றாறு எண்களையும் ஒரே போனில் ஒழித்துக் கட்டியவர் நம் இரண்டு குடும்பத்திலும் வேறு யாராவது உண்டா என்று யோசித்து, மறு தபாலில் தெரிவிக்கவும்.